பிளாட்பாரத்தில் படுப்பவர் மாத்திரையை எங்கே வைப்பார்?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் சென்ட்ரல், பாரிமுனைப் பக்கம் தெருவில் தூங்கும் ஆண்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறீர்கள். அவர்களில் ஒருவர் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதாகப் போன மாதம் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது தெரிந்ததும் குழுவில் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். தெருவில் வாழும் ஆண்களிடம் எச்.ஐ.வி. அதிகமா, எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்க ஒரு முகாம் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் நீங்கள் வாய்விட்டுக் கேட்காத இரண்டு கேள்விகளும் இருக்கின்றன. உங்கள் குழுவுக்கு ஏதாவது ஆபத்து உண்டா என்பது ஒன்று. சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தாண்டி உங்களால் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா என்பது இன்னொன்று.

நான் மருத்துவர் இல்லை. சென்னையில் ஆறு வருடம் இரவு நேரக் களப்பணி, அதன்பின் பதின்மூன்று வருடம் நம்பிக்கை மையத்தில், அதாவது அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையத்தில், ஆலோசகர் வேலை. நான் பார்த்த ஆண்களெல்லாம் டெஸ்டுக்கு வந்தவர்கள், அல்லது பேச்சுக் கொடுத்ததும் வரச் சம்மதித்தவர்கள். கடைசிவரை வராதவர்களைப் பற்றி என் அனுபவத்தை வைத்துப் பேச முடியாது. ஆய்வில் உறுதியானது எது, நான் கண்ணால் பார்த்தது மட்டும் எது என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் குழுவின் பயம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால், தட்டைக் கைமாற்றினால், தோளில் கை போட்டால், அவர் இருமினால், அவரைக் கடித்த கொசு உங்களைக் கடித்தால் எச்.ஐ.வி. வராது. இதில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. சில குழுக்கள் முடி வெட்டி, சவரம் செய்து, குளிக்கவும் வைக்கிறார்கள். நீங்களும் அப்படிச் செய்தால் ஆளுக்கு ஒரு புது பிளேடு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முக்கியக் காரணம் எச்.ஐ.வி. இல்லை, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. அந்த வைரஸ் காய்ந்த ரத்தத்திலும் ஒரு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, குழுவில் எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள். புண்ணுக்குக் கட்டுப் போடும்போது கையுறை அவசியம். யாராவது பயன்படுத்திப் போட்ட ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினாலும் தொற்றுவது சராசரியாகப் பத்தாயிரத்தில் 23 முறைதான். அதையும் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் இன்னும் நல்லது.

அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அவர் உங்களிடம் சொன்னது குழுவுக்கு எப்படித் தெரிந்தது? நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனால் பிளாட்பாரத்தில் இந்தச் செய்தி பரவினால் முதலில் போவது அவர் படுக்கும் இடம். அப்புறம் கூட்டாளிகள், அப்புறம் கேட்டரிங் வேலைக்கு ஆள் கூப்பிடும் மேஸ்திரி. ஒருவர் தன் எச்.ஐ.வி. நிலையை நம்பிச் சொன்னால் அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமே சொல்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தெரிந்துகொண்ட நண்பர்களிடம், இனி இது இந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். வருவதை நிறுத்திய இருவரிடம் மேலே இருக்கும் பத்தியைக் காட்டுங்கள்.

சரி, தெருவில் வாழும் ஆண்களிடம் அதிகமா? இந்தியாவில் வயது வந்தவர்களில் ஆயிரம் பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2017 கண்காணிப்புக் கணக்கில் ஊசி வழியாகப் போதை எடுப்பவர்களில் 6.26 சதவீதம், திருநங்கையரில் 3.14, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் 2.69, லாரி ஓட்டுபவர்களில் 0.86, குடும்பத்தை விட்டுத் தனியாக வேலைக்கு வந்த ஆண்களில் 0.51 என்று இருந்தது. வீடற்ற ஆண்கள் என்று அந்தப் பட்டியலில் தனி வரிசை கிடையாது. அவர்கள் இந்த எல்லா வரிசையிலும் சிதறிக் கிடக்கிறார்கள். நீங்கள் சாப்பாடு கொடுக்கும் நடைபாதையில் படுத்திருப்பவர்களில் ஒருவர் முன்பு லாரி கிளீனராக இருந்திருப்பார், ஒருவர் ஊசி போடுபவராக இருப்பார், மூன்று பேர் ஒடிசாவிலிருந்தோ திருவண்ணாமலைப் பக்கமிருந்தோ கூலி வேலைக்கு வந்தவர்களாக இருப்பார்கள், இன்னும் சிலர் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்த சாதாரணக் குடும்பஸ்தர்களாக இருப்பார்கள். கடைசியில் சொன்னவர்களின் ஆபத்து உங்களுடையதைவிட அதிகமாக இருக்க வேண்டிய காரணமே இல்லை. ஆகவே, சென்னை நடைபாதையில் இத்தனை சதவீதம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் வீடு இல்லாமல் போவதே ஆபத்தைக் கூட்டுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஊசி வழியாகப் போதை எடுப்பவர்களைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2021-இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் ஒரு கட்டுரை வந்தது. சமீபத்தில் வீடில்லாமலோ நிலையான தங்குமிடம் இல்லாமலோ இருந்தவர்களுக்கு எச்.ஐ.வி. புதிதாகத் தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட 55 சதவீதம் அதிகம், ஹெபடைடிஸ் சி தொற்றும் வாய்ப்பு 65 சதவீதம் அதிகம் என்றது அது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்ததைப் பாருங்கள். 2011-இல் அங்கே ஊசி போடுபவர்களில் எச்.ஐ.வி. வெறும் 0.1 சதவீதம். 2018-இல் அது 4.8 சதவீதமாகிவிட்டது. நகர மையத்தில் மட்டும் பார்த்தால் 1.1-லிருந்து 10.8. யாருக்குத் தொற்றியது என்று தேடியபோது முன்னால் வந்து நின்றவை கோகெய்ன் ஊசி, சிறைவாசம், வீடின்மை. இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோதே, 2017-இல், கிளாஸ்கோ சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இயங்கிவந்த புது ஊசி கொடுக்கும் இடம் மூடப்பட்டது. நகரத்திலேயே அதிகம் பேர் வந்துபோன இடம் அது.

கிளாஸ்கோவை அப்படியே சென்னையில் பொருத்த முடியாது. இங்கே தெருவில் இருக்கும் ஆண்களில் ஊசி போடுபவர்கள் சிறு பகுதிதான். பெரும்பாலானவர்களுக்கு ஆபத்து உடலுறவு வழியாக வருகிறது. அதனால் ஓர் இரவு அங்கே எப்படிப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விஷயம் புரியாது.

வீட்டில் இருப்பவருக்குக் கதவு இருக்கிறது, நேரம் இருக்கிறது. நடைபாதையில் படுப்பவருக்கு உறவு என்பது நிறுத்தியிருக்கும் லாரிக்குப் பின்னால், பாலத்துக்கு அடியில், இடிந்த கட்டடத்தில், யார் வருகிறார்களோ என்ற பதற்றத்தில் சில நிமிடங்களில் முடிகிற காரியம். பெரும்பாலும் குடித்திருக்கும்போது. ஆணுறை பையில் இருந்தாலும் அதை எடுக்கும் நிதானம் இருப்பதில்லை. பல பேருக்குப் பையே இல்லை. இடுப்பு மடிப்பில் வாரக்கணக்கில் வைத்திருந்த ஆணுறை வெயிலிலும் வியர்வையிலும் கெட்டுப்போய்க் கிழிந்துவிடும். வழுக்கலுக்குத் தேங்காய் எண்ணெய் போடும் பழக்கமும் இருக்கிறது. எண்ணெய் பட்டால் ரப்பர் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஆணுறையைக் கொத்தாகக் கொடுத்துவிட்டு வருவதில் பயன் குறைவு. ஒருவருக்கு இரண்டு மூன்று, அதுவும் தவறாமல் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கிடைக்கிற மாதிரி இருந்தால்தான் கை அங்கே போகும். நாங்கள் ஒரு டீக்கடையின் பின்சுவரில் டப்பா ஒன்றை மாட்டிவைத்தோம். முகாம் போட்டுக் கொடுத்ததைவிட அந்த டப்பாவிலிருந்து எடுத்துப்போனது அதிகம், ஏனென்றால் அங்கே யாரிடமும் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை.

யாரோடு உறவு என்பதும் வெளியிலிருந்து ஊகிக்கக் கூடியதல்ல. மனைவி மக்கள் உள்ளவர், தன்னை ஆண்களை நாடுபவர் என்று ஒருநாளும் நினைக்காதவர், சாப்பாட்டுக்காகவோ ஒரு குவார்ட்டருக்காகவோ அல்லது ஒரு ராத்திரி மேன்ஷன் அறையில் மின்விசிறிக்கடியில் தூங்குவதற்காகவோ இன்னோர் ஆணோடு போயிருப்பார். "உங்களுக்கு ஆண்களோடு பழக்கம் உண்டா?" என்று கேட்டால், "சேச்சே, அதெல்லாம் கிடையாது சார்" என்பார். அது பொய்கூட இல்லை, அவர் மனதில் அது உறவு என்ற கணக்கிலேயே வருவதில்லை. நான் கேள்வியை மாற்றினேன். "வெளியில படுக்கிறவங்களுக்கு ராத்திரியில தொந்தரவு நிறைய இருக்கும்னு சொல்றாங்களே, உங்களுக்கு எப்படிண்ணே?" என்று கேட்டால் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இது ஏன் முக்கியம் என்றால், ஆபத்து செயலுக்குச் செயல் பெரிதும் மாறுகிறது. எச்.ஐ.வி. உள்ள, சிகிச்சையில் இல்லாத ஒருவரோடு பாதுகாப்பில்லாமல் ஆசனவாய் வழி உறவில் ஏற்பவராக இருந்தால் சராசரியாகப் பத்தாயிரம் முறைக்கு 138 தொற்று. ஊசியைப் பகிர்ந்தால் 63. பெண்ணோடு உறவு கொள்ளும் ஆணுக்கு 4. இவை சராசரிதான். பால்வினைப் புண் இருந்தாலோ, மற்றவருக்குச் சமீபத்தில் தொற்றியிருந்தாலோ பல மடங்கு ஏறும். "விலைமாதரிடம் போகாதே" என்று மட்டும் இந்த ஆண்களிடம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், மிகப் பெரிய ஆபத்தைப் பற்றி நாம் வாயே திறக்கவில்லை என்பதை இந்த எண்களே காட்டிக்கொடுக்கின்றன.

எல்லாமே சம்மதத்தோடு நடப்பதில்லை. ஊருக்குப் புதிதாக வந்து, எழும்பூரிலோ சென்ட்ரலிலோ பையும் போனும் பறிகொடுத்து நிற்கும் இருபது வயதுப் பையன்தான் அந்த நடைபாதையில் அதிக ஆபத்தில் இருப்பவன். முதல் வாரத்தில் அவனுக்கு எங்கே படுக்கலாம், யாரை நம்பலாம் என்று தெரியாது. "வா தம்பி, பாதுகாப்பான இடம் காட்டுறேன்" என்று கூப்பிடுபவர் பின்னால் போய்விடுவான். இந்த முதல் வாரக் கணக்கு நான் கேட்டறிந்ததை வைத்துச் சொல்வது, எந்த ஆய்வும் இதை அளந்து நான் பார்த்ததில்லை. ஆனால் எத்தனையோ பேர் என்னிடம் வந்து அழுதது அந்த முதல் வாரத்தைப் பற்றித்தான், சிலர் பத்து வருடம் கழித்து. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு 72 மணி நேரத்துக்குள் அந்த 28 நாள் மாத்திரையைத் தர வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது, ஆண் பெண் வித்தியாசம் அதில் இல்லை. ஆனால் ஓர் ஆண் அவசர சிகிச்சைப் பிரிவில் போய் நின்று அதைச் சொல்ல வேண்டும். தனியாக எவரும் போனதை நான் பார்த்ததில்லை. உங்கள் குழுவின் முகங்கள் அவர்களுக்குப் பழகியிருந்தால் அந்த 72 மணி நேரத்துக்குள் உங்களிடம் யாராவது வாய் திறக்கக்கூடும். அப்போது காரணம் எதையும் தோண்டாமல் கூடவே போங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்க வேண்டும்.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம். சென்னையில் இப்போது பேசப்படுவது வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றுவது. ஒரே ஊசியை நான்கு பேர் பயன்படுத்துவதோடு, கரைக்கும் தண்ணீரும் மூடியும் பஞ்சும்கூடப் பொதுவாகிவிடுகின்றன. ஹெபடைடிஸ் சி இப்படித்தான் வேகமாகப் பரவுகிறது. புது ஊசி கொடுப்பதும், நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாதிரியான மாற்று மருந்து கொடுப்பதும் போதையை ஊக்குவிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அவை எச்.ஐ.வி.யைக் குறைக்கின்றன என்பதில் உலக அளவில் சந்தேகமே இல்லை. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இரண்டும் இருக்கின்றன.

வயதானவர்களிடம் பேசும்போது இன்னொன்று காதில் விழும். ஐம்பது, அறுபது வயதுக்காரர்களில் சிலர் இளமையில் ரத்தம் விற்றவர்கள். அந்தக் காலத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லாத ஆண்களுக்கு அதுவும் ஒரு பிழைப்பாக இருந்தது. உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்புக்குப் பிறகு, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டது. ரத்தம் கொடுத்ததால் அவர்களுக்கு எச்.ஐ.வி. வந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. சுத்தமான ஊசியில் கொடுத்தால் கொடுப்பவருக்குத் தொற்றாது. ஆனால் "ஊசி குத்துவது" என்றாலே அவர்களுக்கு வேறு நினைவு வருகிறது. டெஸ்டுக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு எடுக்கப் போனால், "எவ்வளவு கொடுப்பீங்க?" என்று கேட்ட பெரியவரை நான் மறக்கவில்லை.

இன்னொரு திருப்பமும் இருக்கிறது. தெருவுக்கு வந்ததால் எச்.ஐ.வி. வந்ததா, எச்.ஐ.வி. வந்ததால் தெருவுக்கு வந்தாரா? ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு நாளில் எடுத்த கணக்காக இருப்பதால் இதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டும் நடக்கிறது என்பதை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன். இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டதே 1986-இல் நம் சென்னையில்தான், மருத்துவர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் செய்த வேலையில். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து தர ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை அந்த முதல் மையங்களில் ஒன்று. நடுவில் போன பதினெட்டு வருடத்தில் ரிசல்ட் வந்த அன்றே ஊரைவிட்டுக் கிளம்பிய ஆண்கள் எத்தனையோ பேர். சாவதற்கு வந்தவர்கள் சாகவில்லை. மருந்து கிடைத்தது, பிழைத்தார்கள். ஆனால் ஊருக்குத் திரும்பும் வழி மூடிவிட்டது. உங்களிடம் சொன்னவர் அப்படி ஒருவராகவும் இருக்கலாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மருந்து. என்னைக் கேட்டால் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாக யாருக்கும் எச்.ஐ.வி. பரவாது. இது நிரூபணமானது. அதனால் தெருவில் ஒருவர் மருந்தை விடாமல் சாப்பிட்டால் அவருக்கும் நல்லது, பக்கத்தில் இருப்பவருக்கும் அதுவே தடுப்பு. 2017 முதல் இந்தியாவில் சி.டி.4 எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு என்று பார்க்காமல் பாசிட்டிவ் என்றாலே மருந்து உண்டு. இலவசம். ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஒரு மாதத்து மாத்திரையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொடுப்பார்கள். அதை எங்கே வைப்பது?

பையில் வைத்தால் பை திருடு போகும். நடைபாதையைச் சுத்தம் செய்ய வரும் வண்டி போர்வையோடு சேர்த்து அதையும் அள்ளிப்போகும். சட்டைப் பையில் வைத்தால் நடக்கும்போது கலகலவென்று சத்தம் கேட்கும், அந்த டப்பாவைப் பார்த்ததும் என்ன மாத்திரை என்று அடையாளம் சொல்லும் ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள். மழையில் நனையும். ஒழுங்காக வருபவர்களுக்கு மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுக்கும் ஏற்பாடு வந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். வீடுள்ளவருக்கு அது பெரிய நிம்மதி. தெருவில் இருப்பவருக்கு ஒரே திருட்டில் மூன்று மாத மருந்தும் போய்விடுகிறது. அவர்களுக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுப்பதுதான் சரி என்பது என் கருத்து.

முன்பு கொடுத்த கூட்டு மருந்தில் எஃபாவிரென்ஸ் என்று ஒன்று இருந்தது. படுக்கும் முன் சாப்பிட வேண்டும். தலைசுற்றும், கெட்ட கனவு வரும், ஆளை அசத்தும். "மாத்திரை போட்டா அசந்து தூங்கிடுறேன் சார். நான் அசந்து தூங்கினா காலையில செருப்புகூட மிஞ்சாது" என்று ஒருவர் சொன்னார். அவர் பொறுப்பில்லாமல் மருந்தை விட்டவர் என்று பதிவில் எழுதப்பட்டிருந்தது. நடைபாதையில் விழிப்பாகத் தூங்குவதுதான் பாதுகாப்பு என்பதை எழுதியவர் யோசிக்கவில்லை. இப்போது கொடுக்கும் டோலுடெகிராவிர் கலந்த மாத்திரையைக் காலையில் டீயோடு போடலாம், அந்தத் தொல்லை இல்லை. முன்பு மருந்தை விட்டுவிட்டுப் போனவர் யாரையாவது சந்தித்தால் இந்த ஒரு செய்தியைச் சொல்லுங்கள்: மாத்திரை மாறிவிட்டது, பழைய மயக்கம் இருக்காது. காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவராக இருந்தால் டோலுடெகிராவிர் கூடுதலாக ஒரு வேளை தேவைப்படும், அதை மையத்தில் பார்த்துக்கொள்வார்கள்.

குடியைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "குடிச்ச அன்னிக்கு மாத்திரை போடக் கூடாது" என்ற நம்பிக்கை மிகப் பரவலாக இருக்கிறது. தினமும் குடிப்பவர் அப்படி நினைத்தால் தினமும் மாத்திரை போகாது. குடிப்பது உடம்புக்குக் கெடுதல்தான், ஆனால் குடித்தாலும் மாத்திரையை விடக் கூடாது. நிறுத்திவிட்டு வா, பிறகு மருந்து தருகிறேன் என்று சொல்வதைவிட, குடித்திருந்தாலும் மாத்திரையைப் போடு என்று சொல்வது பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

டப்பாவுக்கு ஒரு வழி சொல்கிறேன். பாரிமுனைப் பக்கம் மூட்டை தூக்கும் ஒருவர் தன் மாத்திரை டப்பாவை ஓர் இட்லிக் கடை அக்காவிடம் கொடுத்து வைத்திருந்தார். டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, வலிப்பு மாத்திரை என்று சொல்லியிருந்தார். தினமும் காலையில் இட்லியோடு ஒரு மாத்திரையையும் அக்கா எடுத்து வைப்பார். மூன்று வருடம் அவர் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, கண்டுபிடிக்க முடியாத அளவில் இருந்தது. பிறகு சாலை வேலைக்காக அந்த வரிசைக் கடைகளை எடுத்தார்கள். அக்கா எங்கே போனார் என்று தெரியவில்லை, அவரும் இரண்டு மாதம் மருந்தில்லாமல் இருந்துவிட்டுக் காய்ச்சலோடு வந்தார். அவருக்கு அறிவுரையில் எந்தக் குறையும் வைக்கவில்லை நாங்கள். போனது அந்தத் தட்டுக்கடை அலமாரி.

சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் வார்டு 86 பிரிவு 2019 ஜனவரியில் வீடற்றவர்களுக்கு என்றே தனி ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. முன்பதிவு வேண்டாம், வந்த நேரத்தில் பார்ப்பார்கள். மாத்திரை சரிப்படாதவர்களுக்கு மாதம் அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி மருந்தையும் அங்கே பயன்படுத்துகிறார்கள். தொற்று இல்லாதவருக்குத் தடுப்பாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபாவிர் ஊசிக்கு 2025 ஜூனில் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது, ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. கையில் எதையும் வைத்திருக்க வேண்டாத மருந்து என்றால் அதனால் முதலில் பயன்பெற வேண்டியவர்கள் நீங்கள் சாப்பாடு கொடுக்கும் இந்த ஆண்கள்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வருடத்துக்கு இரண்டு முறை ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு உங்களைப் போன்றவர்களும் வேண்டும்.

முகாம் போடலாமா என்று கேட்டீர்கள். சாப்பாட்டு வரிசையில் வேண்டாம். சாப்பாடு வேண்டுமென்றால் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றினால் அது சம்மதம் ஆகாது. விளக்கம் சொல்லி, முழு மனதோடு சம்மதம் பெற்ற பிறகுதான் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்கிறது அதே 2017 சட்டம். எந்த வசதிக்கும் எச்.ஐ.வி. டெஸ்டை நிபந்தனையாக வைக்கக் கூடாது, ஆகவே காப்பகத்தில் சேர்க்கும் முன் ரிசல்ட் கேட்பதும் தவறு. தவிர, அன்று எடுத்த டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால் நடைபாதையில் நாற்பது பேர் நடுவில் அதை எப்படிச் சொல்வீர்கள்? மறுநாள் அவரை எங்கே தேடுவீர்கள்? சமீபத்து ஆபத்தை அந்த டெஸ்ட் காட்டாமலும் போகலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். முகாம் என்றால் பொது மருத்துவ முகாமாக, நம்பிக்கை மையத்தோடு பேசி அவர்கள் ஆலோசகரை வரவைத்து நடத்துங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தோல், பல் எல்லாவற்றோடும் இதுவும் ஒன்றாக, மறைப்பான இடத்தில் இருக்கட்டும். முக்கியமாக இருமலைக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய்தான்.

மாநகராட்சிக் காப்பகங்களையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொன்னது. ஆண்கள் போகாததற்குப் பல காரணம் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு மார்க்கெட்டில் லோடு இறக்கப் போகிறவருக்கு உள்ளே நுழையும் நேரம் ஒத்துவராது, குடித்திருந்தால் விடமாட்டார்கள். தங்காவிட்டாலும் மாத்திரையை அங்கே பூட்டி வைக்க அனுமதி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட இடங்களில் ஒன்றில் சம்மதித்தார்கள், ஒன்றில் மறுத்தார்கள். காப்பாளர் நல்லவராக இருந்தால் நடக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்தால், மற்றவர்கள் காதில் விழாத தூரத்தில் உட்கார்ந்து, "அண்ணே, அடுத்த தேதி எப்போ?" என்று மட்டும் கேளுங்கள். மருந்து வாங்குபவர்களுக்குத் தேதி என்றால் என்னவென்று தெரியும். தேதி சொன்னால் அன்றைக்கு உங்களில் ஒருவர் கூடப் போங்கள். மருந்து வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும், அதற்காகவே தள்ளிப்போடுவார்கள், அதனால் அன்றைய சாப்பாடும் பஸ் காசும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். தேதி தாண்டிப்போய் மாதக்கணக்காகிவிட்டது என்றால் திட்டுவார்களோ என்று பயப்படுவார். போன் இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்கு நீங்களே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழைத்துப் பேசுங்கள், காசு இல்லை. ஆதார், முகவரி கேட்பார்கள், இல்லையென்ற காரணத்துக்காக மருந்தை மறுப்பது முறையல்ல, அதை நீங்கள் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். சிகிச்சை நோட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் கடைசியாக வாங்கினார், அங்கே என்ன பெயர் கொடுத்திருந்தார் என்பது நினைவிருந்தால் பழைய பதிவைத் தேடி எடுத்துவிடலாம்.